ரேகை விழாத விரலும் ஒரு சிறுகதையும்

கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எதைப் பற்றி எழுதுவது?" என்பதுதான். அவர்களைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுப் பாருங்கள். தாய்மாமன் ஏன் இத்தனை வருஷமாக அந்த வீட்டுப் படி ஏறவில்லை, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காக எந்தப் பெரியப்பா பந்தியில் உட்காராமல் கிளம்பினார், பழைய மொய் நோட்டில் யார் பெயருக்கு எதிரே மட்டும் தொகை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது என்று வரிசையாக வரும். நம் குடும்பங்களில் சம்பவத்துக்குப் பஞ்சமே கிடையாது. திணறல் அடுத்த படியில் இருக்கிறது. இத்தனை தெரிந்தும், எழுத உட்கார்ந்தால் அது ஏன் கதையாக நிற்பதில்லை?

பெரும்பாலும் கையில் இருப்பது ஒரு கருத்தாகவோ ஒரு சம்பவமாகவோ இருப்பதுதான் காரணம். 'முதியோரை மதிக்க வேண்டும்' என்பது கருத்து. 'எங்கள் தெருப் பாட்டியைப் பேரன் கவனிக்கவில்லை' என்பது சம்பவம். இரண்டிலிருந்தும் கதை வரலாம். யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும். அதை அடைய வேறொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடுவது என்று அவரே முடிவு செய்தாக வேண்டும். இந்த நெருக்கடி வந்த இடத்தில் கதை தொடங்கிவிடுகிறது. இப்படிச் சொன்னால் சூத்திரம் மாதிரி வறண்டு தெரியும். ஓர் உதாரணத்தை எடுத்துக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் முக்கூடல், கடையம் போன்ற ஊர்களில் பெண்கள் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு, தட்டில் வெட்டி வைத்த இலையும் தூளும். காலமெல்லாம் இலையைச் சுருட்டிச் சுருட்டி விரல் நுனி வழுவழுப்பாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு கை ரேஷன் கடை மெஷினில் வைக்கப்படும்போது ரேகை விழுவதில்லை. இது நாளிதழில் நாலைந்து வரிச் செய்தியாக வரக்கூடிய விஷயம்.

இதை வைத்துப் புதிதாக எழுதுகிறவர் என்ன செய்வார்? பாட்டி வெயிலில் வரிசையில் நிற்பார். ரேகை விழாது. கடைக்காரர் விரட்டுவார். வெறும் பையோடு திரும்பும் பாட்டி வழியில் மயங்கி விழுவார். 'விஞ்ஞானம் வளர்ந்தது, மனிதம் வளர்ந்ததா?' என்று கதை முடியும். அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாட்டி கதையில் எதையுமே செய்யவில்லை, கவனித்தீர்களா? எல்லாம் அவர் தலையில் வந்து விழுகிறது. அவர் யார், எதற்குச் சிரிப்பார், யாரிடம் வம்பு வளர்ப்பார் என்று எழுதியவருக்கே தெரியாது. வாசகர் ஒரு 'பாவம்' சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

இந்த இடத்தில் கருத்தை மறந்துவிட்டு மிகச் சாதாரணமான கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். ரேகை விழாவிட்டால் அப்புறம் என்ன செய்வார்கள்?

இதற்குக் கற்பனை வேண்டாம், விசாரித்தால் போதும். அதே கார்டில் பெயர் உள்ள வேறொருவர் வந்து ரேகை வைக்கலாம். கார்டோடு பதிவான கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கும் வழி இருந்திருக்கிறது. கருவிழியைப் படிக்கும் கருவியும் கடைகளுக்கு வந்திருக்கிறது. அது எல்லாக் கடையிலும் ஒழுங்காக வேலை செய்கிறதா, கண்ணில் புரை விழுந்தவருக்கு என்ன ஆகிறது என்பதை உங்கள் ஊர்க் கடையில் போய் நின்றுதான் பார்க்க வேண்டும். இந்த விவரமெல்லாம் கதைக்கு எதற்கு என்று தோன்றலாம். கதை இதற்குள்ளேதான் இருக்கிறது. கார்டில் பெயர் உள்ள வேறொருவர் யார்? மருமகள். ஆச்சியும் (அந்தப் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அவளும் பேசி ஒரு வருஷம் ஆகிறது. கைப்பேசி எண் யாருடையது? மகனுடையது. அவன் திருப்பூரில் இருக்கிறான். வேலை நேரத்தில் போனை எடுக்கமாட்டான்.

இப்போது பாருங்கள். ஆச்சிக்கு அரிசி வேண்டும். அதற்கு மருமகளிடம் வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் ஒரு வருஷ வீம்பு போய்விடும். ஒரு கடை, ஒரு கார்டு, ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு. செய்தி கதையாக மாறத் தொடங்கிவிட்டது.

அடுத்த கேள்வி, இருவரும் ஏன் பேசுவதில்லை? இங்கே நம் கை உடனே டிவி சீரியல் பக்கம் போகும். நகை காணாமல் போனது, சொத்தை எழுதி வாங்கியது என்று பெரிய காரணமாகத் தேடுவோம். முதலில் தோன்றும் காரணத்தை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள். அது எல்லோருக்கும் தோன்றுவது. இரண்டாவதும் பெரும்பாலும் அப்படித்தான். மூன்றாவது, நான்காவதாக வருவதில்தான் நீங்கள் பார்த்த வாழ்க்கை கொஞ்சம் ஒட்டியிருக்கும். எனக்கு இப்படித் தோன்றுகிறது: கல்யாணமாகி வந்த மருமகள் பீடித் தட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லித் துணிக்கடை வேலைக்குப் போனாள். "எங்க கையெல்லாம் கை இல்லையா, மகாராணி கைதான் கையோ?" என்று ஆச்சி நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அந்தத் தட்டைத் தொட மறுத்த விரல்தான் இப்போது ஆச்சிக்கு வேண்டியிருக்கிறது.

தொடங்கும்போது இது திட்டத்தில் இல்லை. ரேகை தேய்ந்த விரல் என்ற விவரத்தை விடாமல் பிடித்துக்கொண்டதால் கிடைத்தது. கதைக்கான யோசனை ஒரே மின்னல் வெட்டில் முழுசாக வந்து இறங்கும் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு விவரம், அதன் மேல் ஒரு கேள்வி, அதற்கு வந்த பதிலின் மேல் இன்னொரு கேள்வி. பெரும்பாலான கதைகள் இப்படித்தான் சேருகின்றன.

ரஷ்யச் சிறுகதை எழுத்தாளர் செகாவைப் பற்றி இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் கொரலேன்கோ ஒரு நினைவைப் பதிவு செய்திருக்கிறார். எப்படி எழுதுகிறீர்கள் என்ற பேச்சு வந்தபோது, செகாவ் மேசைமேல் கண்ணில் பட்ட சாம்பல் கிண்ணத்தை எடுத்து வைத்து, வேண்டுமானால் நாளைக்கே இதை வைத்து ஒரு கதை இருக்கும், தலைப்பு 'சாம்பல் கிண்ணம்' என்றாராம். எந்தப் பொருளும் கதையாகும் என்று இதற்கு அர்த்தம் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். செகாவ் மருத்துவர், விதவிதமான வீடுகளுக்குள் போய் வந்தவர். சாம்பல் கிண்ணத்தைச் சுற்றி உட்கார வைக்க அவரிடம் ஆட்கள் இருந்தார்கள். பொருள் கிடைத்தால் போதாது, அதைத் தொடுகிற கை யாருடையது என்று தெரிய வேண்டும்.

யார் சொல்வது?

ஆள் கிடைத்தாயிற்று, நெருக்கடியும் கிடைத்தாயிற்று. இனி இந்தக் கதையை யார் வழியாகச் சொல்வது? புதிதாக எழுதுகிறவர்கள் மிகக் குறைவாக யோசிப்பது இதைப் பற்றித்தான். தமிழுக்கோ இது மிகப் பழைய பாடம். சங்க அகப்பாடல்களின் கீழே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று', 'செவிலி கூற்று' என்ற குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெண் ஒருத்தி காதலனோடு ஊரைவிட்டுப் போகிறாள் என்ற ஒரே நிகழ்ச்சியைப் பெற்ற தாய் வீட்டில் இருந்து சொல்கிறாள், வளர்த்த தாயான செவிலி தேடிப் போகிற வழியில் சொல்கிறாள், எதிரே வந்தவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். நிகழ்ச்சி மாறவில்லை. சொல்கிறவருக்கு எவ்வளவு தெரியும், எது வலிக்கும் என்பது மாறுகிறது, அதனால் பாட்டே வேறாகிவிடுகிறது.

நம் கதையின் ஒரு துண்டை ஆச்சியை ஒட்டி நின்று எழுதினால்:

"மெஷின் மறுபடியும் சிவப்பு காட்டியது. 'ஆச்சி, ரேகை விழமாட்டேங்கு. வேற வெரல வைங்க' என்றான். பின்னால் நின்றவள், 'எண்ணெய் கிண்ணெய் தடவுனியளோ மதினி?' என்று கேட்டாள். ஆச்சி விரலைச் சேலையில் துடைத்தாள். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தாள்."

அதே துண்டைக் கூடவே போன பேத்தி சொன்னால்:

"ஆச்சி பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அரிசி வாங்கலியா என்று கேட்டேன். 'நாளைக்கு வரச் சொல்லிட்டான்' என்றாள். அந்த மாமா அப்படிச் சொல்லவே இல்லை. நான் பக்கத்தில்தானே நின்றேன்."

முதலாவதில் அவமானம் நேராகத் தெரிகிறது. இரண்டாவதில் ஆச்சி அதை மறைப்பது தெரிகிறது. பிள்ளைக்குப் பொய் புரிகிறது, காரணம் புரியவில்லை. வாசகருக்கு இரண்டும் புரிகிறது. இந்தக் கதைக்கு நான் பேத்தியைத்தான் எடுப்பேன், ஏனென்றால் பேசாத இருவருக்கு நடுவில் 'ஆச்சிட்ட சொல்லு', 'ஒங்கம்மைட்ட சொல்லு' என்று தூது போகிறவள் அவள்தான். மருமகள் வழியாகச் சொன்னாலும் நல்ல கதை வரும்; ஆனால் அது கோபம் கூடிய வேறொரு கதையாக இருக்கும். நீங்கள் மூன்று பேர் வழியாகவும் தலா ஒரு பத்தி எழுதிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். யார் குரலில் வாக்கியம் தடங்கல் இல்லாமல் வருகிறதோ அவர்தான். ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: பேத்தி சொல்லும் கதையில் மருமகள் மனசுக்குள் நினைத்தது வரக்கூடாது. பேத்தி பார்த்தது, கேட்டது, தப்பாகப் புரிந்துகொண்டது இவை மட்டும்தான் வரலாம்.

1915-இல் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையைச் சொல்வது ஒரு மரம். தாகூரின் கதையொன்றில் ஆற்றங்கரைப் படித்துறை கதை சொல்லும். ஐயருக்கு அந்த வழி அங்கிருந்து கிடைத்தது என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இருந்தும் அரசமரம் சொல்கிற ருக்மிணியின் கதை நூறு வருஷம் தாண்டியும் தமிழ்ச் சிறுகதை வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் பேசப்படுகிறது. நமக்குத் தோன்றியதை ஏற்கெனவே யாரோ எழுதியிருப்பார்களே என்று பயந்து பேனாவை மூடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கொக்கு எங்கே பார்க்கிறது?

இலக்கணம் படித்தவர்களுக்கு முதல், கரு, உரி என்பது பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரி. கதை எழுதுகிறவருக்கு அதைவிட எளிய கருவி கிடைப்பது கஷ்டம். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ள உணவு, மரம், பறவை, தொழில் முதலியவை. உரிப்பொருள் அங்கே மனிதருக்குள் நடப்பது. நம் கதையில் மாதத் தொடக்கத்து ரேஷன் கடைக் காலை முதற்பொருள். சாக்கு, தராசு, பீடி இலை, துணிக்கடைச் சீருடை எல்லாம் கரு. உரி? ஊடல். இலக்கணப்படி அது தலைவன் தலைவிக்கு உரியது; ரேஷன் அரிசிக்காக மாமியார் மருமகளுக்கும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

புதிதாக எழுதுகிறவர் உரிப்பொருளை மட்டும் எழுதுவார். 'அவள் மனம் வேதனையில் துடித்தது', 'இதயம் கனத்தது' என்று பக்கம் பக்கமாகப் போகும். அனுபவம் உள்ளவர் கருப்பொருளை எழுதுவார். உரி தானே தெரியும். குறுந்தொகையின் 25-ஆம் பாடலில் கபிலர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். தன்னோடு கூடியவன் வாக்குத் தவறினால் என்ன செய்வேன், அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லையே என்று தலைவி கலங்குகிறாள். இருந்தது ஒரு கொக்கு. தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது. அதன் கண் மீன்மேல்தான் இருந்தது, இவர்கள்மேல் இல்லை. தனக்குச் சாட்சியே இல்லை என்ற பயத்தை அவள் வாயால் விளக்க வேண்டியிருக்கவில்லை, கொக்கு பார்த்த திசை போதுமாக இருந்தது.

கதைக்குள் வைக்கும் பொருட்களை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். ரேஷன் கடைச் சுவரில் காந்தி படம் தொங்கினால் அது அலங்காரம். விலைப் பலகையில் போன மாத இருப்பு இன்னும் அழிக்கப்படாமல் இருப்பதை ஆச்சி எழுத்துக்கூட்டிப் படித்தால், வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளுக்கு ஒரு இடம் கிடைக்கிறது. விவரம் எத்தனை என்பது கணக்கே இல்லை. ஒரு காட்சிக்குச் சரியாக அமைந்த இரண்டு விவரம் தாராளம்.

எங்கே தொடங்குவது, எப்படிப் பேசவைப்பது

சிறுகதையை அதன் முடிவுக்கு எவ்வளவு பக்கத்தில் தொடங்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் தொடங்குங்கள். ஆச்சியின் பிறப்பு, கல்யாணம், தாத்தா இறந்தது என்று வரிசையாக வந்தால் ரேஷன் கடைக்குள் நுழைவதற்குள் வாசகர் எழுந்து போய்விடுவார். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எப்படித் தொடங்குகிறது என்று எடுத்துப் பாருங்கள். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் ஒருவர் நின்றுகொண்டு, டிராமில் போனால் எவ்வளவு ஆகும், மிஞ்சும் காசில் வெற்றிலை பாக்குப் போடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஏழை என்று எங்கும் சொல்லவில்லை. அந்தக் கணக்கு சொல்லிவிட்டது. அதற்குள் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டுவிடுகிறார். முன்கதை வேண்டுமானால் அப்புறம், தேவைப்படும் இடத்தில், ஒரு வரியாக வரட்டும்.

பேச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மேலே 'விழமாட்டேங்கு' என்று எழுதியது அந்த ஊர்ப் பேச்சு என்பதால். கோயம்புத்தூர்க்காரர் சினிமாவில் கேட்ட நெல்லைத் தமிழை எழுதினால் முக்கூடல் வாசகருக்கு ரெண்டே வரியில் தெரிந்துவிடும். உங்கள் தெருப் பேச்சை எழுதுங்கள். அதிலும் எல்லாச் சொல்லையும் பேச்சு வழக்காக உடைக்க வேண்டியதில்லை. விளிப்பதும் வினைமுற்றும் சரியாக விழுந்தால் ஊர் தெரிந்துவிடும். இன்னொன்று, சண்டையில் இருப்பவர்கள் சண்டையைப் பற்றிப் பேசமாட்டார்கள். "நீ அன்றைக்கு என்னை அவமானப்படுத்தினாய்" என்று மருமகள் சொல்வதாக எழுதினால் கதை அங்கேயே சரிந்துவிடும். "ஆச்சிட்ட கேளு, கார்டு எங்க இருக்குன்னு" என்று பிள்ளையிடம் சொன்னால், அவள் இறங்கி வந்துவிட்டாளா அல்லது குத்திக்காட்டுகிறாளா என்று ஆச்சியோடு சேர்ந்து வாசகரும் யோசிப்பார்.

முடிவைப் பற்றி நிறைய பயம் உண்டு. ஒரு பக்கக் கதைகள் படித்து வளர்ந்தவர்களுக்குக் கடைசி வரியில் ஒரு திருப்பம் இல்லாவிட்டால் கதையே இல்லை என்று தோன்றும். திருப்பம் கெட்டது இல்லை. அதைப் படித்த பிறகு முன்னால் போய்ப் பார்த்தால் பழைய வரிகளுக்குப் புது அர்த்தம் வர வேண்டும். வராவிட்டால் அது வெறும் ஏமாற்று. மற்றொரு வகை, கதைக்கு வெளியே வந்து வாசகரை நோக்கிக் கை நீட்டுவது. 1934-இல் வந்த 'பொன்னகரம்' கதையில் புதுமைப்பித்தன் அப்படித்தான் கற்பைப் பற்றி நேராகக் கேட்டு முடிக்கிறார். அது அவருக்குப் பலித்தது, ஏனென்றால் அதற்கு முந்தைய வரிகளில் அவர் கதை நாயகி அம்மாளுவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்துப் பின்னால் வந்த பலர் அழவும் வைத்து, அறிவுரையும் சொல்லி முடித்தார்கள், அது பலிக்கவில்லை. நம் கதை, மருமகள் கடையில் விரலை வைக்கும் இடத்தில் முடியலாம். அல்லது ஆச்சி வெளிக்கடையில் கடனுக்கு அரிசி வாங்கிவந்து, ரேஷன் அரிசி என்று பேத்தியிடம் சொல்லும் இடத்தில் முடியலாம். எந்த முடிவு ஆச்சிக்கு அதிகம் விலை வைக்கிறதோ அதை நான் தேர்வேன். அது இரண்டாவதுதான் என்று படுகிறது, உறுதியாகச் சொல்லமாட்டேன்.

முதல் கதைக்கு ஒரே நாள், இரண்டு இடம், மூன்று ஆள் என்று வைத்துக்கொண்டால் கையாள எளிது. முடித்ததும் இரண்டு நாள் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் பெரும்பாலும் வாக்கியத்தில் ஏதோ கோளாறு இருக்கும். முதல் பத்தியை மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். கதை கெடவில்லை என்றால் முதல் பத்தி நீங்கள் சூடேறுவதற்காக எழுதியது, எடுத்துவிடலாம். உறவினர் கதையை எழுதுகிறவர்கள் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், சண்டையின் காரணம் எல்லாவற்றையும் மாற்றி, இரண்டு பேரை ஒருவராகக் கலந்துவிடுங்கள். பாதுகாப்புக்கு மட்டும் சொல்லவில்லை. நிஜத்தில் நடந்ததுக்குக் கட்டுப்படாமல் கதை அதன் போக்கில் போகவும் இது உதவும்.

இன்றே தொடங்க ஒரு பயிற்சி. நாளிதழில் பொது அறிவிப்புப் பகுதியை எடுங்கள். தன் மகனுக்கும் தனக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை, அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் தாம் பொறுப்பல்ல என்று ஒருவர் வழக்கறிஞர் மூலம் அறிவித்திருப்பார். அந்த அறிவிப்பை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் மனத்தில் ஒரு குடும்பத்தை உருவாக்கிக்கொண்டு கேள்விகளை எழுதுங்கள். அந்த வாசகத்தை வழக்கறிஞர் வாசித்துக் காட்டியபோது அப்பா எந்தச் சொல்லை மாற்றச் சொன்னார்? விளம்பரக் காசை எங்கிருந்து எடுத்தார்? அம்மா பெயர் ஏன் அதில் இல்லை? அன்றைய பேப்பரை அந்த வீட்டில் முதலில் எடுத்தது யார், எடுத்து எங்கே வைத்தார்?